குழந்தைகளின் ஏஎம்எல் ரத்தப் புற்று: குரோமோசோம் ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

பிள்ளைக்கு ஏஎம்எல் என்று உறுதியாகி ஒரு வாரம், பத்து நாளில் பெற்றோர் கைக்கு இன்னொரு தாள் வருகிறது. குரோமோசோம் பரிசோதனை முடிவு. பெங்களூரில் கித்வாய், செயின்ட் ஜான்ஸ், பொம்மசந்திரா பக்கத்து மருத்துவமனைகள் என்று எங்கே சேர்த்திருந்தாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் சரி, அல்சூர், சிவாஜிநகரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் சரி, அதில் பிடிபடுவது ஒன்றுதான்: குரோமோசோமில் ஏதோ மாற்றம் இருக்கிறது. உடனே இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, இது பரம்பரையாக வந்தது. இரண்டு, இனி பிழைப்பது கஷ்டம்.

முதல் முடிவு பெரும்பாலான குழந்தைகளின் விஷயத்தில் தவறு. இரண்டாவதை, எந்த மாற்றம் என்று பார்க்காமல் சொல்லவே முடியாது. சில மாற்றங்கள் தென்படுவது, எதுவும் தென்படாமல் இருப்பதைவிட நல்ல செய்தி.

## எந்த அணுவில், என்ன மாற்றம்

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் பெரும்பகுதி ஏஎல்எல் என்ற வேறொரு வகை. ஏஎம்எல் அதில் சுமார் 15 முதல் 20 சதவீதம்தான். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் இளம் நிலையிலிருந்து படிப்படியாக முதிர்ந்து வெளியே வர வேண்டும். ஏஎம்எல்லில் ஒரு வகை இளம் அணு முதிராமலேயே பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கிறது. நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. அதனால்தான் ரத்தசோகை, காய்ச்சல், ரத்தக்கசிவு எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

குரோமோசோம் என்பது மரபணுக்களைச் சுமக்கும் இழை. நம் உடலின் ஒவ்வொரு அணுவிலும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள். ஏஎம்எல் அணுவில் பெரும்பாலும் இவற்றில் சில உடைந்து தவறாக ஒட்டியிருக்கும், அல்லது எண்ணிக்கை கூடியோ குறைந்தோ இருக்கும். முக்கியமாக மூன்று வகைகள்:

1. இடமாற்றம்: இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்வது. உடைந்த இடத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டி, இயற்கையில் இல்லாத புதிய புரதம் உருவாகிறது.
2. திருப்பம்: ஒரே குரோமோசோமுக்குள் ஒரு துண்டு உடைந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்வது.
3. கூடுதல், குறைவு: ஒரு குரோமோசோம் முழுதாகக் கூடியிருப்பது அல்லது காணாமல் போவது, சில சமயம் ஒரு பகுதி மட்டும் போவது.

எட்டாவது, இருபத்தோராவது குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றத்தை 1973இல் அமெரிக்க மருத்துவர் ஜேனட் ரௌலி கண்டு எழுதினார். ஏஎம்எல்லில் அதுவரை இன்னது என்று பிரித்தறியாமல் இருந்த ஒரு மாற்றத்துக்குத் தெளிவான முகவரி கிடைத்தது அப்போதுதான்.

## அந்த ஒரு வரி

ரிப்போர்ட்டின் நடுவில் சங்கேதம் போல ஒரு வரி இருக்கும். உதாரணத்துக்கு இப்படி:

46,எக்ஸ்ஒய்,டி(8;21)(க்யூ22;க்யூ22)[18]/46,எக்ஸ்ஒய்[2]

இடமிருந்து வலமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. 46 என்பது எண்ணிக்கை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
2. எக்ஸ்ஒய் என்றால் ஆண் குழந்தை.
3. டி என்பது இடமாற்றம். அடைப்புக்குள் இருப்பவை மாட்டிக்கொண்ட குரோமோசோம்கள்: 8, 21. இன்வ் என்று இருந்தால் திருப்பம், டெல் என்று இருந்தால் ஒரு பகுதி இழப்பு. கூட்டல் குறி முழு குரோமோசோம் கூடியதையும், கழித்தல் குறி முழுதாகப் போனதையும் காட்டும்.
4. அடுத்த அடைப்பு, உடைந்த இடம். க்யூ நீளக் கை, பி குட்டைக் கை.
5. சதுர அடைப்பில் இருப்பது அணுக்களின் எண்ணிக்கை. வழக்கமாக 20 அணுக்களைப் பார்ப்பார்கள். இங்கே 18 அணுக்களில் மாற்றம், 2 அணுக்களில் இல்லை.

சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த [2] கண்ணில் படாமல் போய்விடும். ஆனால் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அந்த இரண்டும் பிள்ளையின் ஆரோக்கியமான அணுக்கள். அவற்றில் குரோமோசோம் சரியாக இருக்கிறது. மாற்றம் இருப்பது புற்று அணுக்களில் மட்டும்.

## அப்படியானால் பரம்பரையா?

பெரும்பாலும் இல்லை. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருந்தால் உடலின் எல்லா அணுக்களிலும் மாற்றம் இருந்திருக்கும். இது மஜ்ஜையில் ஒரு அணு பிரியும்போது நடந்த விபத்து. இந்தக் குழந்தைகளில் சிலர் பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்து அட்டையில் காயவைத்திருந்த ரத்தத்துளியைப் பின்னாளில் எடுத்து ஆராய்ந்தபோது, அதிலேயே 8;21 இடமாற்றம் இருந்தது 2002இல் தெரியவந்தது. அதாவது சிலருக்குக் கருவில் இருக்கும்போதே அது தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றினாலும் அது பரம்பரை ஆகாது. கர்ப்பத்தில் அம்மா எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று கிளறுவதற்கும் இதில் இடமில்லை. மருமகள் வீட்டு ரத்தம் சரியில்லை என்று பேசும் உறவினர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிகிச்சையின் மிகக் கடினமான மாதங்களில் தாயை உடைத்துப் போடும் பேச்சு அது.

விதிவிலக்குகள் உண்டு. ஏழாவது குரோமோசோம் ஒன்று காணாமல் போயிருந்தால், அதன் பின்னால் ஜிஏடிஏ2, எஸ்ஏஎம்டி9 போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே குறை இருக்கிறதா என்று தேடுவார்கள். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பிறவி நோயும் இந்தப் பட்டியலில் உண்டு. காரணம் நடைமுறையானது: அண்ணனோ தங்கையோ மஜ்ஜை கொடுக்கப் போகிறார்கள் என்றால், அதே குறை அவர்களிடமும் இருக்கக்கூடாது.

டவுன் சிண்ட்ரோம் இன்னொரு தனிக் கதை. அந்தக் குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் பிறவியிலேயே மூன்று. அவர்களுக்கு ரத்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் நான்கு வயதுக்குள், ஜிஏடிஏ1 மரபணு மாற்றத்தோடு வரும் அவர்களது ஏஎம்எல், மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகிறது. குறைந்த அளவு கீமோவிலேயே சுமார் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். முழு அளவு கொடுத்தால் மருந்தின் பக்கவிளைவே அவர்களுக்கு ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் என்றதும் “இந்தக் குழந்தைக்கு எதற்கு இவ்வளவு சிகிச்சை” என்று யாராவது கேட்டால் பதில் இதுதான்: ஏஎம்எல்லில் மிகச் சிறப்பாகக் குணமாகும் பிரிவுகளில் இவர்களும் ஒன்று.

## எது நல்லது, எது கடினம்

எல்லா வகையும் சேர்த்துப் பார்த்தால், வசதியான நாடுகளில் இன்று ஏஎம்எல் வந்த குழந்தைகளில் 65 முதல் 75 சதவீதம் பேர் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். இந்தச் சராசரி ஒரு தனிக் குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது. குரோமோசோம் வாரியாகப் பிரித்தால்தான் விஷயம் தெளிவாகும்.

நல்ல பிரிவு. 8;21 இடமாற்றமும் 16ஆம் குரோமோசோமின் திருப்பமும் இதில் வருகின்றன. குழந்தைகளின் ஏஎம்எல்லில் இவ்விரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பார்க்க வெவ்வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் கைவைக்கின்றன. ரத்த அணு முதிர ரன்எக்ஸ்1, சிபிஎஃப்பி என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக வேலை செய்ய வேண்டும். 8;21 முதலாவதைக் கெடுக்கிறது, 16இன் திருப்பம் இரண்டாவதைக் கெடுக்கிறது. திருகையில் மேல்கல் உடைந்தாலும் கீழ்க்கல் உடைந்தாலும் மாவு வராது, அதுபோல. இந்த இரு வகை அணுக்களும் அதிக அளவு சைட்டராபின் மருந்துக்கு நன்றாகவே பணிகின்றன. நல்ல சிகிச்சை முழுதாகக் கிடைத்தால் 80 சதவீதமும் அதற்கு மேலும் பிழைக்கிறார்கள். முதல் சுற்றில் நோய் அடங்கிவிட்டால் இவர்களுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சையே வேண்டியதில்லை.

ஏபிஎல் என்ற அவசர வகை. 15;17 இடமாற்றம். ரத்தம் உறையும் முறையே குலைந்து, மூளையிலோ நுரையீரலிலோ கசிந்து முதல் சில நாட்களிலேயே உயிர் போகலாம். ஆனால் அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் ஏஎம்எல்லிலேயே மிக நன்றாகக் குணமாவது இதுதான். வைட்டமின் ஏவின் ஒரு வடிவமான ஏடிஆர்ஏ மாத்திரையும் ஆர்செனிக் மருந்தும் சேர்ந்து 90 சதவீதத்துக்கு மேல் குணப்படுத்துகின்றன. இரண்டையும் இந்நோய்க்கு முதலில் பயன்படுத்திக் காட்டியவர்கள் சீன மருத்துவர்கள். சந்தேகம் வந்தவுடனேயே, குரோமோசோம் முடிவுக்குக் காத்திருக்காமல், ஏடிஆர்ஏ தொடங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற விதி. ஈறில் ரத்தம், உடம்பில் காரணமில்லாத கன்றல்கள் என்று ஒரு பிள்ளை ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தால், அன்று ராத்திரியே பெரிய இடத்துக்கு அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

பதினோராவது குரோமோசோம். கேஎம்டி2ஏ என்ற மரபணு இங்கே இருக்கிறது. குழந்தைகளின் ஏஎம்எல்லில் ஐந்தில் ஒன்றில் இது உடைந்திருக்கும். ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம். “கேஎம்டி2ஏ பாசிட்டிவ்” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ரிப்போர்ட் பாதிதான். இந்த மரபணு நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு மரபணுக்களோடு ஒட்டக்கூடியது. எதனோடு ஒட்டியது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். 756 குழந்தைகளை வைத்து 2009இல் வந்த சர்வதேச ஆய்வில், ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் பிழைத்தவர்கள் மொத்தத்தில் 44 சதவீதம். ஆனால் 1;11 உள்ளவர்களில் 92 சதவீதம், 6;11 உள்ளவர்களில் 11 சதவீதம். ஒரே மரபணு, ஒரே பெயர், இவ்வளவு இடைவெளி. அதிகம் காணப்படும் 9;11 நடுவில் நிற்கிறது. அதனால், கேஎம்டி2ஏ என்று சொன்னால் “எந்த ஜோடி?” என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கடினமான பிரிவு. ஏழாவது குரோமோசோம் ஒன்று இல்லாமல் போவது, ஐந்தாவதில் நீளக் கையின் பகுதி போவது, 6;9 இடமாற்றம், சிசுக்களில் 7;12 இடமாற்றம், பல மாற்றங்கள் ஒரே அணுவில் குவிந்திருப்பது. இவற்றில் கீமோ மட்டும் போதுவதில்லை. முதல் முறை நோய் அடங்கியதும் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போவார்கள். கடினம் என்றால் வழியே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. வழி வேறு, அதற்கான ஏற்பாட்டை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

## “குரோமோசோம் நார்மல்” என்று வந்தால்

இதைக் கேட்டு நிம்மதியாகிவிடும் குடும்பங்கள் நிறைய. ஏஎம்எல் குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கோ நான்கில் ஒருவருக்கோ இப்படித்தான் வரும். மைக்ராஸ்கோப்பில் தெரியும் அளவுக்குப் பெரிய மாற்றம் இல்லை என்பது மட்டும்தான் இதன் பொருள். அதற்குள் இருக்கக்கூடியவை பல.

என்பிஎம்1, சிஇபிபிஏ மரபணு மாற்றங்கள் இருந்தால் நல்ல போக்கு. எஃப்எல்டி3இன் ஐடிடி வகை மாற்றம் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் இப்போது உண்டு. இவை போக, சிபிஎஃப்ஏ2டி3–கிளிஸ்2, நப்98–என்எஸ்டி1 என்று இரண்டு ஒட்டல்கள் இருக்கின்றன. இரண்டுமே மைக்ராஸ்கோப்பில் பிடிபடுவதில்லை, இரண்டுமே மோசமானவை. முதலாவது பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகளிடம், பிளேட்லெட்டை உண்டாக்கும் அணுவழியில் வரும் ஏஎம்எல்லில் காணப்படுகிறது. மரபணு அளவில் தேடும் பிசிஆரோ ஆர்என்ஏ வரிசைப் பரிசோதனையோ செய்தால்தான் தெரியும். எனவே குரோமோசோம் நார்மல் என்று வந்தால் தேடல் அங்கே முடியக்கூடாது. பணமும் வசதியும் குறைவாக இருக்கும்போது எந்தப் பரிசோதனையை விடலாம் என்று யோசிக்க வேண்டி வரும். என் பார்வையில் இந்த மரபணுப் பரிசோதனை விடக்கூடாத ஒன்று.

## பச்சை மூடி டியூப்

இந்த முடிவுகள் எல்லாமே ஒரு சின்ன சாம்பிளை நம்பியிருக்கின்றன. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சி, தனித்தனி டியூப்பில் பிரிப்பார்கள். குரோமோசோமுக்கு ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி டியூப். பிசிஆருக்கு இடிடிஏ போட்ட ஊதா மூடி டியூப். பச்சை டியூப்பில் அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் ஆய்வகத்தில் அவற்றை ஒன்றிரண்டு நாள் வளர்த்து, பிரியும் தருணத்தில் நிறுத்தி, சாயமேற்றித்தான் குரோமோசோமைப் பார்க்க முடியும். இன்னொரு ஊரிலிருந்து கூரியரில் தாமதமாக வந்தாலோ, கீமோ தொடங்கிய பின் எடுத்தாலோ அணுக்கள் வளராது. “மெட்டாஃபேஸ் கிடைக்கவில்லை”, அதாவது பிரியும் நிலையில் அணு கிடைக்கவில்லை என்று முடிவு வருவது பெரும்பாலும் இதனால்தான். அதை “நார்மல்” என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அது முடிவே கிடைக்காத பரிசோதனை.

அப்படி ஆனாலும் ஃபிஷ் பரிசோதனை கைகொடுக்கும். அதற்கு அணு பிரிய வேண்டியதில்லை. ஒளிரும் வண்ணக் குறிகளை ஒட்டி வழக்கமாக 200 அணுக்களை எண்ணுவார்கள். இரண்டு மூன்று நாளில் விடை வரும். ஆனால் எதைத் தேடச் சொன்னோமோ அதை மட்டுமே ஃபிஷ் காட்டும். குரோமோசோம் பரிசோதனை முழு வரைபடத்தையும் காட்டும், ஆனால் மெதுவாக. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

## இரண்டாவது மஜ்ஜைப் பரிசோதனை

முதல் சுற்று கீமோ முடிந்து ரத்த எண்ணிக்கை ஏறும் சமயத்தில் மஜ்ஜையை மறுபடி எடுப்பார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவியில் மிச்சமிருக்கும் புற்று அணுக்களை எண்ணுவார்கள். எம்ஆர்டி என்பது இதுதான். ஆயிரத்தில் ஒன்று, அதாவது 0.1 சதவீதம் என்பது பரவலாக வைத்துக்கொள்ளும் எல்லை.

குரோமோசோம் சொன்னதை இது மாற்றலாம். நல்லதிலும் கடினத்திலும் சேராமல் நடுத்தரப் பிரிவில் இருந்த குழந்தைக்கு எம்ஆர்டி அதிகமாக இருந்தால் கடினப் பிரிவுக்குப் போகும். சுத்தமாக இருந்தால் கீமோவோடு நிறுத்தலாம். ஆகவே முதல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு “எத்தனை சதவீதம் டாக்டர்?” என்று கேட்டால், அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பாதி விடை இன்னும் வரவில்லை.

## எண்கள் இங்கே எப்படி மாறுகின்றன

மேலே சொன்ன சதவீதங்கள் பெரும்பாலும் மேலை நாடுகளின் சிகிச்சைத் திட்டங்களிலிருந்து வந்தவை. 8;21 உள்ள குழந்தை நம் ஊரில் இறந்தால், பல சமயம் கொல்வது புற்று அல்ல, கிருமித்தொற்று. ஏஎம்எல் கீமோ வெள்ளை அணுக்களை வாரக்கணக்கில் துடைத்துவிடுகிறது. அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அடுத்த சில மணி நேரம்தான் தீர்மானிக்கும். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரைக்கும் போய், அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் பஸ் என்றால் அந்த நேரம் போய்விடும். சிகிச்சை நடக்கும் மாதங்களில் மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்குவது, நல்ல குரோமோசோம் கொடுத்திருக்கும் வாய்ப்பைக் காப்பாற்றுகிற வேலை. நோய் அடங்கிவிட்டது, முடி முளைக்கிறது, பிள்ளை ஓடி விளையாடுகிறது என்று நடுவில் சிகிச்சையை விட்டுவிட்டுப் போவதும் அதே வாய்ப்பைப் பறிக்கும். மிச்சச் சுற்றுகளும் அளவில் குறையாமல் போய்ச் சேர்ந்தால்தான் நல்ல பிரிவு என்பதற்குப் பொருள் உண்டு.

கடினப் பிரிவுக்காரர்கள் முதல் வாரத்திலேயே செய்யக்கூடியது எச்எல்ஏ பொருத்தம், அதாவது மஜ்ஜை கொடுப்பவரின் திசு பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் முழுப் பொருத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அப்பா, அம்மா இருவருமே பாதிப் பொருத்தம். அதை வைத்தும் இப்போது மாற்று சிகிச்சை நடக்கிறது. வெளியில் தேட, சென்னையின் தாத்ரி, பெங்களூரின் டிகேஎம்எஸ் போன்ற கொடையாளர் பதிவகங்கள் உள்ளன. பெங்களூரிலேயே இந்த சிகிச்சை நடக்கிறது; தமிழிலேயே பேசிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கு வேலூர் சிஎம்சியில் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது.

## சிகிச்சை முடிந்த பிறகு

முதலில் பயமுறுத்திய அந்த மாற்றமே பிறகு காவலுக்கு உதவுகிறது. 8;21 அல்லது 16இன் திருப்பம் இருந்த குழந்தைக்கு, அந்த ஒட்டிய மரபணுவின் சுவடு இருக்கிறதா என்று பிசிஆரில் தேடலாம். மைக்ராஸ்கோப்பில் நோய் தெரிவதற்கு முன்பே இதில் ஏற்றம் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயம் குடும்பங்களைக் கலங்கடிக்கிறது. முழுதாகக் குணமான சிலரிடம்கூட மிகக் குறைந்த அளவு சுவடு வருடக்கணக்கில் பாசிட்டிவ்வாகவே நிற்கும். அவர்களுக்கு நோய் திரும்புவதில்லை. கவனிக்க வேண்டியது அளவு ஏறுகிறதா என்பதை. ஒருமுறை ஏறினால் சில வாரத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாவதிலும் ஏறியிருந்தால்தான் அடுத்த நடவடிக்கை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவிடும் முறை மாறுவதால், இந்தப் பரிசோதனையை முடிந்தவரை ஒரே இடத்தில் செய்யுங்கள். முதல் நாள் குரோமோசோம் ரிப்போர்ட்டின் ஒரு பிரதியை எப்போதும் கூடவே வைத்திருங்கள். வேறு ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் எந்தச் சுவடைத் தேட வேண்டும் என்று அந்த டாக்டருக்குச் சொல்வது அதுதான்.